பொட்டாஷைத் தேடிப் போன கதை

கொத்தமங்கலத்தில், ஆள் குடியில்லாத பெரிய வீடுகள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற ஒரு தெருவின் நடுவில் நின்றுகொண்டு, "பொட்டாஷ்! ஏ பொட்டாஷ்!" என்று கத்தினேன்.

உச்சி வெயில். ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல் பஸ் ஏறியிருந்தேன். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கயிறு. தோளில் தொங்கிய பையில் தயிர்ச்சோறு. அது எனக்கில்லை.

இன்னும் இரண்டு தடவை கத்தினேன். ஊருணிப் பக்கமிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயல்வேலைச் சம்சாரிகள் சிலர் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

"என்னம்மா, பொட்டாஷ் வந்திருச்சா? எங்க எறக்கியிருக்கீக?"

"உரம் இல்லண்ணே. நாய்."

"நாயா?"

"நாயோட பேரு பொட்டாஷ்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் மூத்தவர் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "யூரியாவாச்சும் இருக்கா தாயி?" என்றார்.

'யூரியா எங்க வீட்டுக் கொல்லையில படுத்திருக்கு' என்று வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, அழவும் நேரமில்லை. அந்த நாயை நான் கண்ணால் பார்த்தாக வேண்டும். உயிரோடு பார்த்தாக வேண்டும்.

எனக்கு நாய் பிடிக்காது

பிரசவ வார்டைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "நாய்களுக்கு வைத்தியம் பார்த்த கதையை எப்போது எழுதுவீர்கள்? வாயில்லா ஜீவன்கள் மேல் உங்களுக்கு எவ்வளவு பாசம்!" என்று காரைக்குடிக்காரர்கள் சிலர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பாசமா? ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அதன் மோப்பம், அதன் எச்சில், மழை நாளில் அதன்மேல் வருகிற ஈரச்சாக்கு வாடை, எதுவும் பிடிக்காது. நாய் பிடித்தது என் வீட்டுக்காரருக்கு. எனக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்துப் போனதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம்.

அவருக்கு உரக்கம்பெனி ஒன்றில் விற்பனை வேலை. அறுபதுகளின் பின்பாதி அது. புது நெல், புது உரம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. இவர் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய், களத்துமேட்டில் சம்சாரிகளைக் கூட்டி, எந்தப் பயிருக்கு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். போகும்போது கேரியரில் மாதிரி உரம் இருக்கும். வரும்போது அதே சாக்கில் ஒரு நாய் இருக்கும்.

நல்ல நாயாக இருந்தாலும் பரவாயில்லை. கால் ஒடிந்தது, கண் போனது, சொறி பிடித்து உரித்த கோழி மாதிரி நிற்பது, புண்ணில் புழு நெளிவது. இப்படிப்பட்டதுதான் அவர் கண்ணில் படும். எத்தனையோ பேர் அதே ரோட்டில்தான் போய் வந்தார்கள். அவர்கள் கண்ணில் புளியமரம் பட்டது, பஸ் பட்டது. இவர் கண்ணில் நாய் மட்டும்தான்.

உரமூட்டைச் சாக்கு

முதல் நாய் வந்தது கல்யாணமான புதிதில். மழை பெய்துகொண்டிருந்தது. சாக்கை வாசலில் இறக்கிவிட்டு, நனைந்த தலையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கொண்டாந்திருக்கீக?"

"நீ நர்சுதானே?"

"ஆமா. பிரசவம் பாக்குற நர்சு."

"தையல் போடுவியில்ல?"

"மனுசருக்குப் போடுவேன்."

"தோலு எல்லாம் ஒண்ணுதானே," என்று சாக்கை அவிழ்த்தார்.

வெள்ளைக் குட்டி. தொடை கிழிந்து தொங்கியது. அதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்குகிற மனசு எனக்கு இல்லாமல் போயிற்று. அது நாய்மேல் பாசமில்லை. கிழிந்த தோலைக் கண்டால் தைக்கத் தோன்றுவது என் தொழில் புத்தி. ஊசியைக் கொதிக்க வைத்தேன். இவர் குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். என்னிடம்கூட அவ்வளவு தணிவாகப் பேசியதில்லை.

வெள்ளையாக இருந்ததால் அதற்கு யூரியா என்று பெயர் வைத்தார். அடுத்து வந்தது சாம்பல் நிறம். அது சூப்பர் பாஸ்பேட், சுருக்கமாக சூப்பர். இப்படியே போனது.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லிப் பார்த்தேன். போனார். அங்கே மாடு, ஆடு, ஒரு வண்டிக் குதிரை எல்லாம் வரிசையில் நின்றனவாம். இவர் முறை வந்ததும், "தெருநாய்க்கெல்லாம் யாருய்யா வைத்தியம் பாப்பா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அதோடு அந்த வழியும் அடைபட்டது. மெடிக்கல் கடையில் பஞ்சும், டர்பென்டைனும், சல்பா பவுடரும் வாங்கி அடுக்களை அலமாரியில், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைத்தேன். புழு வைத்த புண்ணில் டர்பென்டைன் ஊற்றினால் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். இடுக்கியால் எடுத்துப் போட வேண்டும். அதை முடித்துவிட்டு நான் சோறு பொங்க வேண்டும்.

நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் கடைசிக் கட்டுப் பகுதியில். வீட்டுக்கார ஆச்சி முன்கட்டில் இருந்தார்கள். பூக்கல் பதித்த தரையில் நாய்க்கால் தடம் தெரிந்தால் அன்றைக்கு எனக்குத்தான் திட்டு. "நர்சம்மா, ஒங்களுக்கு வீடு விட்டேனா, நாய்க்கு வீடு விட்டேனா?" என்பார்கள். ஆச்சி கேட்டது நியாயம்.

தெருவில் இன்னொரு பேச்சும் இருந்தது. "பாவம், ஊருக்கெல்லாம் பிள்ளை எடுத்துக் கொடுக்கிறா. அவளுக்கு இல்லை. அதான் நாயை வச்சுக் கொஞ்சுறா." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை காந்தும். நான் எங்கே கொஞ்சினேன்? பிற்பாடு எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நாய்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போது அந்தப் பேச்சுப் பேசினவர்கள் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

சைக்கிள் செயினுக்கு ஏது கோரைப்பல்?

பொட்டாஷைத் தேவகோட்டை ரோட்டில் ஏதோ வண்டி அடித்துப் போட்டிருந்தது. செவலை நிறம், இடது காது பாதி இல்லை. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். நெருக்கமாகத் தையல் போட்டேன். நான் அதுவரை போட்டதிலேயே நல்ல தையல் அதுதான். அதை ஒரு நாய் இடுப்பில் போட்டு, காட்ட ஆளில்லாமல் போய்விட்டது.

புண் ஆறியதும் ஆச்சியின் பொறுமை தீர்ந்தது. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருந்த முத்தையா, தனக்குத் துணையாக ஒரு நாய் வேண்டும் என்றார். இவர் பொட்டாஷைச் சாக்கில் உட்கார வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நானும் ஒரு தலைவலி போனது என்று இருந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வரச் சொன்னால், "நேரமாச்சு, அடுத்த வாரம்" என்று நழுவினார். எண்ணெய்க் குளியலை விடாத மனிதர். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேட்டியைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். நானே தூக்கினேன்.

கெண்டைச் சதையில் நான்கு குழிகள். பொருக்குத் தட்டியிருந்தன.

"என்னது இது?"

"சைக்கிள் செயின் கடிச்சிருச்சு."

"சைக்கிள் செயினுக்கு ஏது கோரைப்பல்?"

வேட்டியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எந்த நாய்?"

"அது வேணும்னு கடிக்கல. சாக்குலேருந்து எறக்கையில இடுப்புல வலிச்சிருக்கும். பாவம், அதுக்குப் பெறகு அதுவே பயந்து…"

"எந்த நாய்னு கேட்டேன்."

"பொட்டாஷ்."

"அது இப்ப முத்தையாகிட்ட இருக்கா?"

"இல்ல. கயித்த அறுத்துக்கிட்டு அன்னைக்கே ஓடிருச்சாம்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். அது உடைந்த சத்தம் கேட்டுத்தான் போட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, இனிமே நாயே கூடாதும்பே."

ஒரு நர்சின் புருஷன் சொன்ன பதில் இது. இதைக் கேட்டும் நான் அவரை அடிக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் டம்ளர்

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பயிற்சி முடித்து முதல் முதலாக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில், கட்டடத்தின் கோடியில் ஒரு தனி அறை இருந்தது. நாய் கடித்து மாதக்கணக்காகிப் போன ஒருவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். திடகாத்திரமான மனிதர், கொத்து வேலை செய்பவர். நல்ல அறிவோடுதான் பேசினார். "தாகமா இருக்கும்மா" என்றார். டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, தொண்டை இறுகி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "எடுத்துருங்க, எடுத்துருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தாகத்தில் உதடு வெடித்திருந்தது. என் கையில் தண்ணீர் இருந்தது. கொடுக்க முடியவில்லை. அப்புறம் அவரைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை.

நாய்க்கடி என்றால் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வரும்.

வயிற்றைச் சுற்றி

கடித்த விஷயத்தை எங்கள் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நறுக்கென்று பேசுகிறவர். "சிஸ்டர், நாய் கண்ணுக்கு முன்னாடி இருந்தா, பத்து நாள் பாத்துட்டு ஊசியே வேண்டாம்னு சொல்லிடலாம். நாயைக் காணோம்னா வேற வழியில்ல. இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

போதாக்குறைக்கு, பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் தாயார், கொத்தமங்கலம் பக்கம் வெறிநாய் ஒன்று திரிவதாகவும், கன்றுக்குட்டியைக் கடித்து அது செத்துப்போனதாகவும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குக் கை வேலையில் நிற்கவில்லை.

அந்தக் காலத்து நாய்க்கடி ஊசி இன்றைக்கு மாதிரி இல்லை. தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்று. பெரிய ஊசி, நிறைய மருந்து. போட்ட இடம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கும். நேற்றுப் போட்ட இடத்தைத் தவிர்த்து இன்றைக்கு இடம் தேட வேண்டும். வேறு யாரிடமும் விடாமல் நானே போட்டேன்.

தினமும் அதே சண்டைதான்.

"மெதுவாப் போடு."

"கடி வாங்கையில மெதுவாக் கடின்னு சொன்னீகளா?"

"அம்மா!"

"கத்தாதீக. அந்த நாய் இடுப்புல நான் ஊசியும் நூலுமாத் தச்சேன். அதுகூட இப்படிக் கத்தல."

"அது நல்ல நாய்டி," என்பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. எனக்கு இன்னொரு ஊசி சேர்த்துப் போடலாமா என்று வரும்.

சில நாள் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் காய்ச்சல் என்றார். மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கக் காலை ஊன்றினவர் அப்படியே சரிந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்தேன். கால்களை உற்றுப் பார்த்தார்.

"இது ஏங் காலு மாதிரி இல்ல," என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் குரலில் பயத்தைக் கேட்டேன்.

ஆண்கள் வார்டில் சேர்த்தோம். முழங்காலில் டாக்டர் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிப்பது. எங்கோ ஒருவருக்கு அது நரம்பைத் தாக்கும். தொடர்ந்து போட்டால் மேலே ஏறி மூச்சையே நிறுத்தலாம் என்றார்.

"அப்ப நிறுத்திரலாமா சார்?"

"நாய் வெறிநாயா இருந்து, நாம நிறுத்திட்டா? அது எப்படி முடியும்னு உங்களுக்கே தெரியும்."

இரண்டு பக்கமும் கிணறு. நான் நடுவில் நின்றேன்.

"நாளைக்குக் காலையில நான் முடிவெடுக்கணும். அந்த நாய் உயிரோட இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா, இந்த நிமிஷமே நிறுத்திடுவேன். கடிச்சு பத்து நாள் தாண்டியாச்சு. வெறி இருந்திருந்தா இதுக்குள்ள அது செத்திருக்கும்."

நான் வார்டுக்குள் போய் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு கயிறு, குடை, கேன்டீனில் வாங்கிய தயிர்ச்சோறு. பஸ் ஏறிவிட்டேன்.

கம்மாய்க் கரை

மறுபடி கொத்தமங்கலம் தெரு. உரம் கேட்டு வந்த சம்சாரிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். உரம் இல்லை என்ற ஏமாற்றம் அவர்கள் முகத்திலிருந்து போய்விட்டது. "நம்ம உரக்கார சாருக்கா? அடப்பாவமே" என்றார் மூத்தவர். ஊருக்குள் இவரைத் தெரியாதவர்கள் இல்லை. என்ன, ஒருத்தரும் நாயைக் கவனித்திருக்கவில்லை.

காவல்கார முத்தையா ஓடி வந்தார். "நான் இறுக்கித்தான் கட்டுனேன் நர்சம்மா. கயிறு பழசு. அங்குட்டு, கம்மாய்ப் பக்கமா ஓடுச்சு," என்று கையை நீட்டினார்.

கம்மாய்க் கரையை நோக்கி எல்லோரும் நடந்தோம். கரையேறியதும் முன்னால் போனவர் நின்றார். கருவேலம் புதருக்குக் கீழே காக்கைகள் கூடியிருந்தன.

செவலை நிறம். வயிறு உப்பிப் போய்க் கிடந்தது. முகம் இருந்த பக்கம் காக்கை கொத்தியிருந்ததால் காதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"இதானா நர்சம்மா?" என்று முத்தையா கேட்டார். யாரும் பக்கத்தில் போகவில்லை.

நான் போனேன். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, குடையின் நுனியால் அந்த உடலைத் தள்ளிப் புரட்டினேன். முதல் தடவை புரளவில்லை. இரண்டு கையாலும் குடையைப் பிடித்து அழுத்தினேன். புரண்டது. இடுப்பைப் பார்த்தேன். குனிந்து, நன்றாக, ரோமத்தை விலக்கிப் பார்த்தேன்.

தழும்பு இல்லை. தையல் இல்லை. மொழுமொழுவென்று இருந்தது.

"இது இல்ல" என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

செத்துக் கிடந்த அந்த நாயும் யாருடைய தெருவிலோ வாலாட்டியதுதான். அதற்காக வருத்தப்பட எனக்கு அன்றைக்கு இடமில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரே வண்டி ஓட்டி வந்த ஒருவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தி, என்ன ஏது என்று கேட்டார். கேட்டுவிட்டு, "காது அறுந்த செவலையா? நொண்டிக்கிட்டே நடக்குமே? நேமத்தான்பட்டியில பாய் கடை வாசல்ல கெடக்குதே," என்றார்.

அதே வண்டியில் ஏறிக்கொண்டேன். மாடு நடந்த நடைக்கு, இறங்கி நானே இழுக்கலாமா என்றிருந்தது.

பாய் கடை

நேமத்தான்பட்டியில் டீக்கடை வாசலில், விறகு அடுக்குக்குப் பக்கத்து நிழலில் அது படுத்திருந்தது.

"பொட்டாஷ்" என்று கூப்பிட்டேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இதற்காகத்தான் நான் ஊர் ஊராகக் கத்திக்கொண்டு வந்தேன்.

"அப்படிக் கூப்பிட்டா வராதும்மா," என்றார் கல்லாவிலிருந்த பாய். தாடி நரைத்தவர். "ஏ செவல!" என்றார். உடனே எழுந்து, இடுப்பைச் சாய்த்து நொண்டிக்கொண்டு வந்தது.

இடுப்பில் பார்த்தேன். ரோமம் முளைக்காத கோடு ஒன்று, வளைவாக. என் தையல். நான் எடுக்காமல் விட்டுப்போன ஒரு கறுப்பு நூல்கூட அதில் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பேர்ந்து இங்க கெடக்கு பாய்?"

"ரெண்டு வெள்ளிக்கிழமை ஆச்சும்மா. பள்ளிவாசல்லேருந்து திரும்புறேன், வாசல்ல நிக்கிது. நான் தொடமாட்டேன். தொழுகணும்ல? ஆனா பசிச்சு வந்து நிக்கிறதுக்குப் போடாம எப்படி? தெனம் பன்னு ரெண்டு தூக்கிப் போடுவேன். பிடிச்சுக்கிரும்."

"தண்ணி குடிக்குதா?"

பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தண்ணி குடிக்காம?"

"நான் பாக்கணும் பாய். ஒரு சட்டியில தண்ணி குடுங்க."

உடைந்த மண்சட்டி ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார். அதை நாயின் முன்னால் வைத்தேன். பொட்டாஷ் சட்டியை முகர்ந்தது. என்னைப் பார்த்தது. தலையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு உயிர் போய் வந்தது.

அப்புறம் தலையைத் தாழ்த்தி, நாக்கை நீட்டி, சளப் சளப் என்று குடிக்க ஆரம்பித்தது. அவசரமில்லாமல், நடுவில் நிறுத்தி, ஈயை விரட்டி, மறுபடி குடித்தது. சட்டியின் அடி தெரிகிறவரை குடித்தது.

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாய் பதறிப்போய் ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"ஏம்மா அழுகுறீக? நாய் நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்குத்தான் பாய் அழுகுறேன்."

நாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். பாய், "நீங்க போங்க. ஆள விட்டுக் கட்டிப்போடுறேன். அதுக்கு ஏதும் ஒண்ணுன்னா பஸ்ல சொல்லி விடுறேன்," என்றார். கொண்டுபோன தயிர்ச்சோற்றை வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டது. பன் தின்று பழகிவிட்டது.

பொழுது சாயும்போது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். டாக்டர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே பாத்தீங்களா?"

"என் தையல் சார். தண்ணி குடிச்சுச்சு. நின்னு பாத்தேன்."

"ஊசியை நிறுத்திடுங்க," என்றார். அவ்வளவுதான்.

வார்டுக்குப் போனேன். அவர் விழித்துத்தான் இருந்தார். யாரோ அவரிடம் முன்னதாகவே சொல்லியிருக்கிறார்கள். என் சேலையெல்லாம் செம்மண். தலை கலைந்து, செருப்பு அறுந்து, குடைக்கம்பி வளைந்து நிற்கிறேன். இவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "பொட்டாஷப் பாத்தியாமே? எளைச்சுப் போச்சா?" என்றார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக் கிள்ளிப் பார்த்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் பலமாகக் கிள்ளினேன்.

"லேசா," என்றார்.

சத்தியம்

கால் உடனே வந்துவிடவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து, காலையும் மாலையும் தைலம் தேய்த்து, தோளில் தாங்கி நடக்க வைத்து, அப்புறம் ஒரு கம்பைக் கொடுத்து நடக்க வைத்து, ஒரு மழைக்காலமே போய்விட்டது. கம்பெனியில் அவர் வேலையை வேறொருவர் பார்த்தார். நான் பிரசவ வார்டில் நின்றுவிட்டு வந்து, இங்கேயும் நின்றேன்.

அந்த நாட்களில்தான் சத்தியம் வாங்கினேன். என் தலையில் கையை வைத்து, "இனிமே ஒரு நாயையும் வீட்டுக்குக் கொண்டாரமாட்டேன்" என்று சொன்னார். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டுதான் சொன்னார். பொட்டாஷ் பாய் கடையிலேயே செவலையாக இருந்துகொண்டது. மற்றதுகளையும் வீடு பார்த்துக் கொடுத்தாயிற்று. ஆச்சி வந்து கொல்லையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார்கள். நானும் அலமாரியில் டர்பென்டைன் இருந்த இடத்தைத் துடைத்து ஊறுகாய் ஜாடியை வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர். தோளில் துண்டால் கட்டிய மூட்டை. மூட்டை முனகியது.

"நாயத் தேடி அலைஞ்ச நர்சம்மா வீடு இதானே?"

எனக்கு விளங்கிவிட்டது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாயைத் தேடிப் போனேன். அது போதும் நம் ஜனங்களுக்கு.

"எந்த ஊரு நீங்க?"

"கல்லல் ஊரும்மா. ரயில்ல வாரேன். முயலுக்கு வச்ச கம்பியில கால விட்டுருச்சு. எலும்பு தெரியுது. நீங்கதான் நாய்னா உசுர விடுவீகன்னு சொன்னாக."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

நான் திரும்பி உள்ளே பார்த்தேன். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான் கொண்டாரலப்பா," என்றார்.

பெரியவர் துண்டை அவிழ்த்தார். கம்பி சதைக்குள் வெட்டிப் போயிருந்தது. அந்த நாய் முனகுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மொதல்ல அது வாயக் கட்டுங்க," என்றேன் பெரியவரிடம். "இறுக்கி. அந்தத் துண்டாலேயே கட்டுங்க. இங்குட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டாங்க." பிறகு யாரிடம் சொல்கிறேன் என்று யோசிக்காமல், "வெந்நி வேணும், அடுப்பப் பத்த வைங்க," என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது கட்டிலில் ஆளில்லை. கம்பு சுவரில் சாய்ந்தபடி இருந்தது. அவர் அடுக்களை நடையில், ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, தன் இரண்டு காலில் போய்க்கொண்டிருந்தார். இத்தனை மாதம் நான் கெஞ்சியும் திட்டியும் கம்பில்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காத மனிதர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பெரிய சட்டியில வைங்க!" என்று கத்தினேன்.